ஆசியக் கோப்பை கால்பந்து: ஒரு மாதப் போட்டி, இரண்டரை வருடச் சல்லடை

2025 செப்டம்பர் 28 அன்று துபாயில் பாகிஸ்தானைத் தோற்கடித்து இந்தியா ஆசியக் கோப்பையை வென்றது. பதினாறே நாளில், அக்டோபர் 14 அன்று, கோவாவின் மர்காவ் நகரில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்குள் நுழையவே முடியாமல் போனது. இரண்டு செய்தியும் உண்மை. முதலாவது கிரிக்கெட், இரண்டாவது கால்பந்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம், அதனால் அந்த வாரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் "நாமதான் கப் ஜெயிச்சுட்டோமே, அப்புறம் எப்படி வெளியே போனோம்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. கால்பந்தைப் பற்றி எழுதுகிற நாங்கள்தான் அடிப்படையைச் சொல்லாமல் நேராக ஸ்கோருக்குப் போய்விடுகிறோம்.

அதனால் இங்கே அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிவியில் ஒரு மாதம் தெரிகிற அந்தப் போட்டி கடைசிப் பகுதி மட்டும்தான். அதற்கு முன்னால் இரண்டரை வருடம், பெரும்பாலும் வார நாட்களில், பாதி காலியான மைதானங்களில் ஒரு சலிப்பு நடக்கிறது. இந்தியாவின் கதை பல முறை முடிந்திருப்பது அங்கேதான். அதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில், இது எந்தக் கோப்பை?

இது நாடுகளின் தேசிய அணிகள் ஆடும் போட்டி. தேசிய அணி என்றால் அந்த நாட்டின் குடியுரிமை உள்ள ஆட்டக்காரர்களை வைத்து அந்த நாட்டின் கால்பந்து சங்கம் அனுப்பும் அணி. நடத்துவது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஏ.எஃப்.சி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஐரோப்பாவுக்கு யூரோ, தென் அமெரிக்காவுக்கு கோபா அமெரிக்கா என்றால் நமக்கு இது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் போட்டிகள் சில உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்தும் ஒரு பிரிவு. அங்கே இந்தியா 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் தங்கம் வென்றது. "இந்தியா ஒரு காலத்தில் ஆசியச் சாம்பியன்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் அந்தத் தங்கங்களைப் பற்றித்தான், இந்தக் கோப்பையைப் பற்றி இல்லை. 2002 முதல் ஆசிய விளையாட்டுக் கால்பந்து 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டி, மூன்று பேர் மட்டும் மூத்தவர்களாக இருக்கலாம். தெற்காசிய நாடுகள் மட்டும் ஆடும் போட்டி இன்னொன்று, அதை இந்தியா ஒன்பது முறை வென்றிருக்கிறது. அப்புறம் கிளப்புகளுக்கான ஆசிய சாம்பியன்ஸ் லீக். ரொனால்டோ சவுதியின் அல் நாசர் கிளப்பில் இருப்பதால் கிளப்புகளின் ஆசியப் போட்டியில் ஆடலாம். ஆசியக் கோப்பையில் அவரைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அவர் நாடு போர்ச்சுகல்.

ஆஸ்திரேலியா எப்படி ஆசியா ஆனது?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. நீங்கள் குடியிருப்பது ஒரு தெருவில் இருக்கும், ரேஷன் கார்டு பதிவாகியிருப்பது வேறு கடையில் இருக்கும். சர்க்கரை எங்கே வாங்கலாம் என்பதைக் கார்டுதான் முடிவு செய்கிறது, வீடு இல்லை. கால்பந்திலும் அப்படித்தான். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கீழ் ஆறு கூட்டமைப்புகள் இருக்கின்றன. ஒரு நாட்டின் சங்கம் எந்தக் கூட்டமைப்பில் உறுப்பினரோ, அந்தக் கூட்டமைப்பின் கோப்பையில்தான் ஆடும். வரைபடம் இரண்டாம்பட்சம்.

ஆஸ்திரேலியா முன்பு பசிபிக் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான ஓசியானியாவில் இருந்தது. அங்கே நியூசிலாந்தைத் தவிர்த்தால் எல்லாம் சின்னத் தீவுகள். 2001-இல் அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று ஆஸ்திரேலியா வென்றது, தட்டச்சுப் பிழை இல்லை, 31 கோல். அப்படி ஆடி யாருக்கும் பயனில்லை. அப்படி ஜெயித்த பிறகும் உலகக் கோப்பைக்குப் போக வேறு கண்டத்து அணியோடு ஒரு தனிப் போட்டி ஆட வேண்டியிருந்தது. அதனால் 2006-இல் ஏ.எஃப்.சி-க்கு மாறினார்கள், 2015-இல் சொந்த மண்ணில் கோப்பையையும் வென்றார்கள். எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1964-இல் இந்தக் கோப்பையை வென்ற இஸ்ரேல் 1974-இல் ஏ.எஃப்.சி-யிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. கஜகஸ்தான் 2002-இல் தானாகவே ஐரோப்பாவுக்கு மாறியது. இன்று ஏ.எஃப்.சி-யில் 47 உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை: நாடுகளின் அணிகள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஏ.எஃப்.சி நடத்துவது. யார் ஆசியா என்பதை உறுப்பினர் பட்டியல் முடிவு செய்கிறது.

1964: உண்மையில் நடந்தது என்ன?

இந்தியா ஒருமுறை இரண்டாவது இடம் பிடித்திருக்கிறது, அது 1964-இல். அதில் பெருமைப்படலாம், ஆனால் "இறுதிப் போட்டியில் தோற்றோம்" என்று எழுதுவது தவறு. அந்த வருடம் இறுதிப் போட்டி என்று ஒன்று இல்லவே இல்லை.

1956-இல் ஹாங்காங்கில் முதல் போட்டி நடந்தபோது நான்கே அணிகள். 1964-இலும் நான்குதான்: இஸ்ரேல், இந்தியா, தென் கொரியா, ஹாங்காங். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு ஒருமுறை ஆட வேண்டும், அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். இந்தியா தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றது. தென் கொரியா அதற்கு முந்தைய இரண்டு கோப்பைகளையும் வென்றிருந்த அணி, அவர்களை வென்றது சாதாரண விஷயமில்லை. அதே நேரம், இந்தியா அங்கே போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். போட்டி இஸ்ரேலில் நடந்ததால் பல நாடுகள் விலகிக்கொண்டன. இந்தியாவின் தகுதிப் பிரிவில் இருந்த மற்றவர்கள் விலகிவிட, ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல் இந்தியா நேராக நால்வரில் ஒருவரானது.

இந்த இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் 1964-ஐச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அணியை மட்டம் தட்டுவதற்காக இல்லை. அன்று கதவு வழியாக நேரே உள்ளே போனார்கள், இன்று கதவுக்கு முன்னால் ஒரு சல்லடை இருக்கிறது, இரண்டையும் ஒரே தராசில் வைத்து "அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

சல்லடை: தகுதிச் சுற்று

பள்ளியில் ஓடியிருக்கிறீர்களா? குறுவட்ட அளவில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். மாநிலப் போட்டியின் படம்தான் பேப்பரில் வரும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் வருடம் குறுவட்டத்திலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், யாரும் பார்க்காமல் முடிந்துவிடும். தகுதிச் சுற்று என்பது அதுதான்: முக்கியப் போட்டிக்கு யார் போவது என்று தீர்மானிக்க அதற்கு முன்பே நடக்கும் ஆட்டங்கள்.

முக்கியப் போட்டியில் 2019 முதல் 24 அணிகள். 47-இல் 24 என்றால் பாதிக்கு மேல் உள்ளே போகலாம், சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 24 இடமும் ஒரே வாசலில் கிடைப்பதில்லை. 2027 கோப்பைக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் 2023 அக்டோபரில் தரவரிசையில் கீழே இருந்த 20 அணிகள் ஜோடி ஜோடியாக மோதின. உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம், இரண்டையும் சேர்த்து அதிக கோல் அடித்தவர் மேலே போவார். வென்ற பத்துப் பேரும் மேலே காத்திருந்த 26 அணிகளும் சேர்ந்து 36. அவர்கள் நான்கு நான்காக ஒன்பது குழு. குழுவில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் சொந்த மண்ணில் ஒருமுறை, எதிரணி மண்ணில் ஒருமுறை ஆடுவார்கள், ஆளுக்கு ஆறு ஆட்டம். குழுவில் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக ஆசியக் கோப்பை. ஒன்பது குழு, இரண்டு பேர், 18 இடம் போய்விட்டது.

மிச்சம் இருப்பது ஆறே இடம். அதற்கு, மூன்றாவது நான்காவது இடம் வந்த 18 அணிகளோடு, முதல் கட்டத்தில் தோற்று இன்னொரு வாய்ப்பு வாங்கி வந்த ஆறு அணிகளும் சேர்ந்து 24 பேர் போட்டி. (முதல் கட்டத்தில் ஏமனிடம் தோற்ற இலங்கை, பின்பு கம்போடியாவோடு கோல் சமனான பிறகு மாறி மாறி உதைக்கும் பெனால்டியில் வென்று இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. இலங்கை இதுவரை முக்கியப் போட்டியில் ஆடியதில்லை.) மறுபடி நான்கு நான்காக ஆறு குழு, ஆனால் இந்த முறை குழுவில் முதலிடம் பிடிப்பவருக்கு மட்டுமே இடம். இரண்டாவது வந்தாலும் வீட்டுக்குத்தான்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த ஒன்பது குழுச் சுற்று, ஒரே நேரத்தில் 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றும்கூட. ஒரே ஆட்டம், இரண்டு கணக்கு. அதனால் 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரோடு இந்தியா ஆடியபோது நாம் எல்லோரும் உலகக் கோப்பைக் கனவைப் பற்றியே பேசினோம். 37-ஆவது நிமிடம் சாங்டே கோல் அடித்து இந்தியா 1-0 என்று முன்னால் இருந்தது. 73-ஆவது நிமிடம் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போன பிறகு உள்ளே இழுக்கப்பட்டு கத்தார் அடித்த கோலை நடுவர் ஏற்றுக்கொண்டார், அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் வசதி இல்லை. முடிவில் 1-2. என் நெஞ்சில் இன்னும் ஆறாத ஆட்டம் அது. வென்றிருந்தால் இந்தியாவுக்கு 8 புள்ளி, அதே குழுவில் இருந்த குவைத்துக்கு 7, இரண்டாவது இடம் இந்தியாவுக்கு. உலகக் கோப்பையின் அடுத்த சுற்று மட்டுமில்லை, 2027 ஆசியக் கோப்பைக்கான நேரடி இடமும் அன்று இரவு போனது. மறுநாள் பேச்சில் அந்த இரண்டாவது இழப்பு ஏறக்குறைய வரவே இல்லை.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கோல் மட்டும் காரணமில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு கவுகாத்தியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். குழுச் சுற்றில் ஆறு ஆட்டமும் ஒரே எடைதான்.

இதுவரை: 24 இடத்தில் 18 அகலமான வாசல், 6 குறுகலான வாசல். அகலமானதைத் தவறவிட்டால் குறுகலானதில் முதலிடம் ஒன்றே வழி.

குலுக்கல்: பந்தியில் வடை பரிமாறுவது போல

"இந்தியாவுக்கு நல்ல குழு கிடைத்தது", "கஷ்டமான குழு மாட்டியது" என்கிறோம். யார் யாரோடு என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வடை ஒரு பாத்திரத்தில், பாயசம் ஒன்றில், பொரியல் ஒன்றில். வடைக்காரர் இலைக்கு ஒன்று வைத்துக்கொண்டே போவார். அதனால் ஓர் இலையில் நாலு வடையும் இன்னொன்றில் வெறும் ஊறுகாயும் என்று ஆகாது. குலுக்கலும் அதே முறை. தரவரிசையில் மேலே உள்ள அணிகள் முதல் பாத்திரத்தில், அடுத்தவை இரண்டாவதில், இப்படி நான்கு பாத்திரம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரே ஒரு பெயர் எடுப்பார்கள். முதல் பாத்திரத்தில் இருப்பவருக்கு லாபம் என்னவென்றால், மற்ற பலசாலிகள் அவர் குழுவில் வர முடியாது.

சரி, தரவரிசை எப்படி வருகிறது? ஃபிஃபா ஒவ்வோர் அணிக்கும் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆடும்போது புள்ளி கைமாறும். ஊர்க் கபடியில் பேர்போன அணியை ஒரு சின்ன ஊர் அணி சாய்த்தால் ஊரே பேசும், பேர்போன அணி சின்ன அணியைச் சாய்த்தால் யாரும் பேச மாட்டார்கள். கணக்கும் அப்படித்தான், பெரிய அணியை வென்றால் நிறையப் புள்ளி, சின்ன அணியை வென்றால் கொஞ்சம், சின்ன அணியிடம் தோற்றால் நிறைய இழப்பு. அதோடு ஆட்டத்தின் முக்கியத்துவத்துக்கும் ஓர் எடை உண்டு. சர்வதேச ஆட்டங்களுக்கு ஒதுக்கிய நாட்களில் ஆடும் நட்பு ஆட்டத்துக்கு எடை 10 என்றால், தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25, ஆசியக் கோப்பைக் குழு ஆட்டத்துக்கு 35.

ஆனால் நல்ல பாத்திரம் என்பது வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. 2027-க்கான அந்த ஆறு குழுச் சுற்றில் இந்தியா முதல் பாத்திரத்தில்தான் இருந்தது. கூட வந்தவர்கள் ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம். குலுக்கல் முடிந்த அன்று நானும் நம்பிக்கையோடு இருந்தேன். ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஹாங்காங்கில் ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பெனால்டி, 0-1. சிங்கப்பூரில் 1-1. அப்புறம் மர்காவில் 1-2.

இரண்டு ஆட்டம் மீதி இருந்தும் ஏன் வெளியே?

மர்காவ் ஆட்டத்துக்குப் பிறகு பலருக்கு வந்த சந்தேகம் இது. கணக்கு போட்டுப் பார்ப்போம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. நான்கு ஆட்டத்தில் இரண்டு டிரா, இந்தியாவிடம் 2 புள்ளி. மீதி இரண்டையும் வென்றால் 8. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அப்போது ஆளுக்கு 8. சமன் ஆகலாம் போலத் தெரிகிறதல்லவா?

ஆகாது. ஏனென்றால் அந்த இருவருக்கும் இடையில் இன்னோர் ஆட்டம் மிச்சம் இருந்தது. அதில் யார் வென்றாலும் அவர்கள் 11, டிரா என்றால் இருவரும் 9. எப்படிப் பார்த்தாலும் யாராவது ஒருவர் 9-ஐத் தொடுவார், இந்தியா 8-க்கு மேல் போக முடியாது, முதலிடம் மட்டுமே கணக்கு. அந்த ராத்திரியே கதை முடிந்தது. "கணக்குப்படி வெளியேறியது" என்று செய்தியில் சொல்வதன் அர்த்தம் இதுதான்: இனி என்ன நடந்தாலும் எட்ட முடியாத இடம்.

நவம்பரில் சிங்கப்பூர் ஹாங்காங்கில் போய் 2-1 என்று வென்று தகுதி பெற்றது. 1984-இல் போட்டியை நடத்திய நாடு என்பதால் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது, ஆடி ஜெயித்து வாங்கிய இடம் இதுதான் முதல் முறை.

உள்ளே போன பிறகு: குழுச் சுற்றும் சமநிலையும்

முக்கியப் போட்டியில் 24 அணி, நான்கு நான்காக ஆறு குழு. இங்கே ஒருவரோடு ஒருமுறைதான் ஆட்டம், ஆளுக்கு மூன்று. குழுவில் முதல் இருவர் அடுத்த சுற்றுக்கு, அதாவது தோற்றால் வெளியே என்ற நாக் அவுட் சுற்றுக்குப் போவார்கள்.

இரண்டு அணிக்கு ஒரே புள்ளி வந்தால்? பெரும்பாலோர் உடனே கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வருவது. ஆசியக் கோப்பையில் அது முதல் அளவுகோல் இல்லை. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

2019 போட்டியில் இந்தியா இருந்த குழு இதற்கு நல்ல உதாரணம். கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் 5 புள்ளி, தாய்லாந்து 4, பஹ்ரைன் 4, இந்தியா 3. தாய்லாந்தின் கோல் வித்தியாசம் மைனஸ் 2, ஏனென்றால் முதல் ஆட்டத்தில் இந்தியாவிடம் 1-4 என்று நொறுங்கியிருந்தது. பஹ்ரைனுக்குப் பூஜ்ஜியம். கோல் வித்தியாசம்தான் அளவுகோல் என்றால் பஹ்ரைன் இரண்டாவது வந்திருக்கும். ஆனால் நேருக்கு நேர் ஆட்டத்தில் தாய்லாந்து பஹ்ரைனை 1-0 என்று வென்றிருந்தது, எனவே தாய்லாந்து இரண்டாவது.

இந்தியாவுக்கும் இதே விதி சாதகமாக இருந்தது என்பதுதான் வருத்தமான பகுதி. கடைசி ஆட்டம் ஷார்ஜாவில் பஹ்ரைனோடு. டிரா செய்தால் போதும், இந்தியாவும் தாய்லாந்தும் 4 புள்ளியில் நிற்கும், நாம் அவர்களை 4-1 என்று வென்றிருந்ததால் இரண்டாவது இடம் நமக்கு. 90 நிமிடம் வரை 0-0. 91-ஆவது நிமிடம் பெனால்டி, 0-1, இரண்டாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு விழுந்தோம். 2011-இலும் 2023 போட்டியிலும் மூன்று ஆட்டத்தையும் தோற்று வந்தோம், அவற்றைவிட இந்த ஒரு நிமிடம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அது கைக்கு எட்டி நின்றது.

இதுவரை: புள்ளி சமம் என்றால் முதலில் நேருக்கு நேர், பிறகுதான் கோல் வித்தியாசம்.

மூன்றாவது இடம்: ஆர்.ஏ.சி டிக்கெட்

ஆறு குழுவில் முதல் இருவர் என்றால் 12. நாக் அவுட்டுக்கு 16 வேண்டும். மிச்ச நான்கு இடம் மூன்றாவது வந்தவர்களில் சிறந்த நால்வருக்கு. இது ஆர்.ஏ.சி டிக்கெட் மாதிரி. ரயிலில் ஏறியாயிற்று, படுக்கை கிடைக்குமா என்பது மற்றவர்களைப் பொறுத்தது. ஆறு பேர் கையில் ஆர்.ஏ.சி, நான்கு பேருக்குப் படுக்கை.

இவர்கள் வெவ்வேறு குழுக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் ஆடியதே இல்லை, நேருக்கு நேர் பார்க்க வழியில்லை. அதனால் இங்கே மட்டும் புள்ளி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல் என்று பார்க்கிறார்கள். அதுவும் சமமானால்? 2019-இல் அப்படியே ஆனது. வியட்நாம் முந்தின நாளே மூன்று ஆட்டத்தையும் முடித்துவிட்டுக் காத்திருந்தது: 3 புள்ளி, 4 கோல் அடித்து 5 வாங்கியிருந்தது. மறுநாள் லெபனான் வட கொரியாவை 4-1 என்று வென்றது, அவர்களுக்கும் 3 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 5. எல்லாம் ஒன்று. கடைசியில், தப்பாட்டத்துக்கு நடுவர் எச்சரித்துக் காட்டும் மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். குறைவாக வாங்கியிருந்த வியட்நாம் உள்ளே, லெபனான் வெளியே. லெபனான் இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் போதும். உள்ளே போன வியட்நாம் அடுத்து ஜோர்டானை வென்று காலிறுதி வரை போனது.

ஆகவே, தோற்றுக்கொண்டிருக்கும் அணி 0-2-ஐ 0-3 ஆக விடாமல் உயிரைக் கொடுத்துத் தடுப்பதைப் பார்த்தால் "இனி என்ன பிரயோஜனம்" என்று சேனலை மாற்றாதீர்கள். பிரயோஜனம் இருக்கிறது.

வருடக் குழப்பம்

2023 ஆசியக் கோப்பை 2024 ஜனவரி 12 அன்றுதான் தொடங்கியது. முதலில் சீனாவில் நடக்க வேண்டியது, கொரோனா காரணமாக சீனா 2022-இல் விலகியது, கத்தார் எடுத்துக்கொண்டது. கோடையில் அங்கே ஆட முடியாத வெயில் என்பதால் ஜனவரிக்குத் தள்ளினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. 2027 போட்டி சவுதி அரேபியாவில் ஜனவரி, பிப்ரவரியில் என்று அறிவித்திருக்கிறார்கள்.

வென்றால் என்ன கிடைக்கும்?

உலகக் கோப்பையில் இடம் கிடைக்காது. இதையும் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2019-இலும் 2023 போட்டியிலும் தொடர்ந்து சாம்பியனான கத்தார், 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற 2025 அக்டோபர் வரை தகுதிச் சுற்றில் திணற வேண்டியிருந்தது. இறுதிப் போட்டியில் கத்தாரிடம் 1-3 என்று தோற்ற ஜோர்டானோ ஜூன் மாதமே முதல் முறையாக உலகக் கோப்பைக்குள் போய்விட்டது. இரண்டும் தனித்தனிப் பாதை.

அதிக முறை வென்றது ஜப்பான், நான்கு. சவுதியும் ஈரானும் மூன்று மூன்று. தென் கொரியாவும் கத்தாரும் இரண்டு இரண்டு. ஒரே ஒருமுறை வென்றவர்களில் ஈராக்கும் உண்டு, 2007-இல்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என்று மேலே சொன்னேனே, ஈராக்குக்கு அந்தச் சொந்த மண் ஆட்டமே இல்லாமல் இருந்தது, "சொந்த" ஆட்டங்களையும் வேறு நாட்டில்தான் ஆடினார்கள். அரையிறுதியில் தென் கொரியாவை பெனால்டியில் வென்ற அன்று பாக்தாத்தில் தெருவுக்கு வந்து கொண்டாடியவர்கள் நடுவில் கார் குண்டுகள் வெடித்துப் பலர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 29, ஜகார்த்தாவில் இறுதிப் போட்டி, எதிரே ஏற்கெனவே மூன்று முறை வென்றிருந்த சவுதி. ஷியா, சுன்னி, குர்து என்று எல்லோரும் கலந்த அணி அது. இரண்டாவது பாதியில் ஒரு கார்னர் கிடைத்தது. குர்து இனத்தவரான ஹவார் முல்லா முகமது உதைத்தார், கேப்டன் யூனிஸ் மஹ்மூத் தூரத்துக் கம்பத்தின் அருகே எழும்பித் தலையால் முட்டினார். 1-0. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது.